ஆட்டோ மீட்டரில் ‘டி 13’ என்று ஓர் ஈயமுத்திரை: இதற்கு என்ன அர்த்தம்?

தேரேகால்புதூரான் (இழையைத் தொடங்கியவர்)

போன செவ்வாய்க்கிழமை அம்மாவை ஆசாரிபள்ளத்தில் மருத்துவரிடம் காட்ட அழைத்துச் சென்றேன். நாகர்கோவில் வடசேரியில் பஸ்ஸை விட்டு இறங்கி ஆட்டோ பிடித்தோம். போகும்போது 150 ரூபாய். திரும்பும்போது அதே சாலை, அதே தூரம், 220 ரூபாய். ஏன் என்று கேட்டதற்கு, “மழை வருகிறது, பார்க்கவில்லையா?” என்றார் ஓட்டுநர். வடசேரி வந்து சேரும்வரை நான் வானத்தைப் பார்த்துக்கொண்டே வந்தேன். ஒரு துளி விழவில்லை.

என் கேள்வி பணத்தைப் பற்றியது மட்டும் அன்று. அந்த இரண்டாவது ஆட்டோவில் மீட்டர் இருந்தது. கைப்பிடிக்கு இடப்பக்கம், கறுத்துப்போன ஒரு பெட்டி. மேலே தோவாளைப் பிச்சிப்பூச் சரம் ஒன்று காய்ந்து தொங்கியது. திரையில் உயிரில்லை. ஆனால் பெட்டியின் அடியில் முறுக்கிய கம்பியில் பட்டாணி அளவுக்கு ஒரு ஈயக்குண்டு, நசுக்கி முத்திரை குத்தியிருந்தது. ஒரு பக்கம் ஏதோ எண், தேய்ந்துவிட்டது. மறுபக்கம் ‘டி 13’ என்று ஆங்கில எழுத்தும் எண்ணும் தெளிவாகவே தெரிந்தன. “இது ஓடுமா?” என்று கேட்டேன். “அது வண்டியோடு வந்தது, சார்” என்றார்.

முத்திரை போட்ட கருவி என்றால் அரசு பார்த்துச் சரி என்று சொன்ன கருவிதானே? பிறகு ஏன் அது பூச்சரம் மாட்டும் ஆணியாக இருக்கிறது? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

பழைய_மார்த்தாண்டம்

நம் கன்னியாகுமரி மாவட்டத்தில் மீட்டர் என்றால் வீட்டு வாசலில் மின்வாரியம் மாட்டியிருப்பதுதான். ஆட்டோவிலும் பார்த்தீர்கள் என்றால் படம் எடுத்து அனுப்புங்கள், பிள்ளைகளுக்குக் காட்டுகிறேன்.

தராசுமுள்

எடையளவு முத்திரைப் பணியில் முப்பது வருடம் இருந்து ஓய்வு பெற்றவன் நான். தமிழ்நாட்டில் இந்த வேலை தொழிலாளர் துறையிடம் இருக்கிறது. போக்குவரத்துத் துறையிடம் அன்று. பலருக்கு இதுவே தெரியாது. காய்கறிக்கடைத் தராசு, பெட்ரோல் பம்பு, துணிக்கடை மீட்டர்கோல், ஆட்டோ மீட்டர் எல்லாம் ஒரே சட்டத்தின் கீழ் வருபவை: 2009-ஆம் ஆண்டின் சட்டமுறை எடையளவுச் சட்டம்.

நீங்கள் பார்த்த எழுத்து காலாண்டைக் குறிப்பது. ஏ என்றால் ஜனவரி முதல் மார்ச், பி, சி என்று போய், டி என்றால் அக்டோபர் முதல் டிசம்பர். எண் ஆண்டின் கடைசி இரண்டு இலக்கம். ஆக, அந்த மீட்டரைக் கடைசியாகச் சோதித்தது 2013-இன் கடைசி மூன்று மாதங்களுக்குள். தேய்ந்துபோன எண் முத்திரை குத்திய ஆய்வாளரின் அடையாளமாக இருக்கும். ஆட்டோ, டாக்சி மீட்டருக்குப் பன்னிரண்டு மாதத்துக்கு ஒருமுறை மறுமுத்திரை வேண்டும். எனவே அந்த முத்திரை 2014-இலேயே காலாவதி ஆகிவிட்டது.

ஒன்று கேட்கிறேன். அந்த வண்டியின் எண்பலகை எப்படித் தொடங்கியது? நம் மாவட்டத்து 74-ஆ, 75-ஆ?

தேரேகால்புதூரான்

நினைவிருக்கிறது. இரண்டும் இல்லை. டி.என். 22.

தராசுமுள்

நினைத்தேன். 22 மீனம்பாக்கம். அது சென்னை வண்டி. கைமாறிக் கைமாறி இங்கே வந்திருக்கிறது. மீட்டரும் அதனுடன் சேர்ந்து வந்துவிட்டது.

2013 ஆகஸ்ட் 25 அன்று சென்னைக்கு ஆட்டோக் கட்டணத்தை மாற்றினார்கள். அதுவரை முதல் 2 கிலோமீட்டருக்கு 14 ரூபாய், பிறகு கிலோமீட்டருக்கு 6. அதை முதல் 1.8 கிலோமீட்டருக்கு 25, பிறகு கிலோமீட்டருக்கு 12 ஆக்கினார்கள். காத்திருப்புக்கு ஐந்து நிமிடத்துக்கு 3.50, இரவு 11 மணி முதல் காலை 5 வரை ஒன்றரை மடங்கு. கட்டணம் மாறினால் ஓடுகிற மீட்டர் ஒவ்வொன்றையும் உரிமம் பெற்ற பழுதுபார்ப்பவர் திறந்து, உள்ளே புதிய கட்டணத்தை ஏற்றி, மறுபடி எங்கள் ஆய்வாளரிடம் கொண்டுவர வேண்டும். அந்த மாதங்களில் சென்னை அலுவலகங்களின் வாசலில் ஆட்டோக்கள் வரிசையாக நின்றன. உங்கள் ஈயக்குண்டு அந்த வரிசையில் நசுக்கப்பட்டதுதான்.

இப்போது உங்கள் மையக் கேள்விக்கு வருகிறேன். முத்திரை என்ன சொல்கிறது? இந்தப் பெட்டி ஒரு கிலோமீட்டரை ஒரு கிலோமீட்டர் என்று எண்ணுகிறது, உள்ளே ஏற்றிய கட்டணத்தால் சரியாகப் பெருக்குகிறது. அவ்வளவே. கட்டணம் நியாயமா என்று முத்திரை சொல்லாது. தராசில் முத்திரை இருக்கிறது என்பதற்காக வெண்டைக்காய் விலை குறையுமா?

மூன்றுசக்கரம்

ஆட்டோ ஓட்டுகிறேன், நாகர்கோவில். 19 வருடம். வழக்கமாகப் படித்துவிட்டுப் போய்விடுவேன். இன்று எழுதத்தான் வேண்டும்.

முதலில், மழை வருகிறது என்று சொல்லி 70 ரூபாய் கூட வாங்கியது தவறு. எங்கள் ஸ்டாண்டில் யாராவது செய்திருந்தால் நானே கேட்டிருப்பேன். அதைச் சொல்லிவிட்டு மற்றதைச் சொல்கிறேன்.

தராசுமுள் ஐயா சொன்ன சென்னைக் கட்டணத்தில் ஐந்து கிலோமீட்டர் போனால் 25 ரூபாயுடன் 3.2 கிலோமீட்டருக்கு 38.40 சேர்த்து 63.40. அந்தக் கட்டணம் வந்தபோது பெட்ரோல் 75 ரூபாய் சுற்றில் இருந்தது. இன்று 100-ஐத் தாண்டி நிற்கிறது. டயர், இன்சூரன்ஸ், எஃப்.சி. (தகுதிச் சான்று) செலவு எதுவும் 2013-இல் நிற்கவில்லை.

அடுத்து, ஸ்டாண்ட் வரிசை. காலை ஆறு மணிக்கு வண்டியை வரிசையில் போட்டால் என் முறை வர சில நாள் இரண்டு மணி நேரம் ஆகும். ஏறியவர் ஒன்றரைக் கிலோமீட்டரில் இறங்குவார். மீட்டர் அந்த ஒன்றரைக் கிலோமீட்டரைத்தான் எண்ணும். இரண்டு மணி நேரத்தை எண்ணாது.

அடுத்து, வெறும் வண்டி. இரவு ஒன்பது மணிக்குத் தடிக்காரன்கோணத்தில் ஒருவரை இறக்கிவிட்டுத் திரும்பினால் பூதப்பாண்டி வரும்வரை கை காட்ட ஆள் கிடையாது. ரப்பர் மரமும் நானும்தான். சென்னையில் இறக்கிய இடத்திலேயே அடுத்த சவாரி ஏறும். அந்த ஊர்க் கணக்கை இந்த ஊரில் போட்டால் எப்படி?

இவ்வளவு சொன்னாலும் மீட்டர் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. ஒவ்வொரு சவாரிக்கும் பேரம் பேசிப் பேசித் தொண்டை போகிறது. ஏறும்போது 100 என்று ஒத்துக்கொண்டவர் இறங்கும்போது 80-ஐ நீட்டுவார். அப்போது என் பக்கம் பேச எனக்கு ஒரு பெட்டி இருந்தால் நல்லதுதான்.

கல்குளம்_வழக்குரைஞர்

சட்டம் எங்கே நிற்கிறது என்று சுருக்கமாகச் சொல்கிறேன். கட்டணம் நிர்ணயிக்கும் அதிகாரம் 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 67-ஆவது பிரிவின்படி மாநில அரசுக்கு. மீட்டர் பொருத்தி ஓடும் நிலையில் வைத்திருக்க வேண்டும் என்று அனுமதிச்சீட்டில் நிபந்தனை போடலாம் என்கிறது 74-ஆவது பிரிவு. மீட்டரைச் சோதித்து முத்திரையிடுவது வேறு சட்டம், வேறு துறை. 2013 அறிவிப்பு சென்னைக்கு. அதைக் காட்டி வடசேரியில் வாதாட முடியாது.

சவாரிக்கு வர மறுத்தால் என்ன தண்டனை தெரியுமா? 178-ஆவது பிரிவைப் பாருங்கள். கார் டாக்சி என்றால் 2019 திருத்தத்துக்குப் பின் 500 ரூபாய் வரை. ஆட்டோ என்றால் 50 ரூபாய் வரை. திருத்தியவர்கள் அந்த ஐம்பதை அப்படியே விட்டுவிட்டார்கள். ஐம்பது ரூபாய் அபராதத்துக்கு யார் நீதிமன்றப் படி ஏறுவார்கள்?

எல்லைக்கோடு

நான் களியக்காவிளை, கேரள எல்லை. எங்களுக்கு இந்த விவாதம் தினமும் கண் முன்னால் நடக்கிறது. இந்தப் பக்கம் பேரம். இஞ்சிவிளையைத் தாண்டினால் மீட்டர். ஒரே மழை, ஒரே பெட்ரோல், ஒரே குண்டுகுழி.

கேரளத்தில் 2022 மே 1 முதல் ஆட்டோவுக்கு முதல் 1.5 கிலோமீட்டருக்கு 30 ரூபாய், பிறகு கிலோமீட்டருக்கு 15. மாநிலம் முழுவதற்கும் ஒரே கட்டணம். மூன்றுசக்கரம் சொன்ன வெறும் வண்டிப் பிரச்சினைக்கும் அவர்கள் ஒரு வழி வைத்திருக்கிறார்கள். பெரிய நகரங்களுக்கு வெளியே ஒருவழிச் சவாரி என்றால், குறைந்தபட்சக் கட்டணத்துக்கு மேல் மீட்டர் காட்டுவதில் பாதியைக் கூடுதலாக வாங்கலாம். நான்கு கிலோமீட்டர் என்று வையுங்கள். மீட்டர் 67.50 காட்டும். அதில் 30 போக மீதி 37.50, அதில் பாதி 18.75. மொத்தம் 86.25. சென்னைக் கட்டணத்தில் இதே நான்கு கிலோமீட்டர் 51.40.

அங்கே எல்லாரும் யோக்கியர்கள் என்று சொல்ல வரவில்லை. 2025-இல், ‘மீட்டர் போடவில்லை என்றால் பயணம் இலவசம்’ என்று ஒவ்வொரு ஆட்டோவிலும் ஒட்ட வேண்டும் என்று உத்தரவு வந்தது. மார்ச் மாதம் நடைமுறைக்கு வரும் என்றார்கள். தொழிற்சங்கங்கள் கொதித்தன, உத்தரவு திரும்பிப் போனது. எல்லாரும் மீட்டர் போட்டுக்கொண்டிருந்தால் அந்த ஸ்டிக்கருக்கு என்ன தேவை வந்திருக்கும்? ஆனாலும் அங்கே நான் சண்டை போட்டால் கையில் ஓர் எண் இருக்கிறது. இங்கே நான் சண்டை போட்டால் வாய் மட்டும்தான் இருக்கிறது.

பழைய_மார்த்தாண்டம்

அப்படியானால் 1956-இல் திருவிதாங்கூர்-கொச்சியை விட்டு நாம் தமிழ்நாட்டுப் பக்கம் வந்தது தவறு என்கிறீர்களா?

எல்லைக்கோடு

அண்ணாச்சி, ஆட்டோக் கட்டணத்தைத்தான் சொன்னேன். தியாகிகளை எழுப்பாதீர்கள்.

முக்கடல்

நான் கன்னியாகுமரியில் சுற்றுலா டாக்சி வைத்திருக்கிறேன், மஞ்சள் போர்டு. இங்கே ஆட்டோவைப் பற்றியே பேசுகிறீர்கள். எங்களிடம் மீட்டர் என்ற பெட்டியே கிடையாது. சுசீந்திரம், பத்மநாபபுரம் அரண்மனை, மாத்தூர் தொட்டிப்பாலம், திற்பரப்பு என்று ஒரு சுற்றுக்கு மொத்தமாக ஒரு தொகை பேசிவிடுவோம். அல்லது நாள் வாடகை, அதற்கு மேல் கிலோமீட்டர் கணக்கு, ஓட்டுநர் படி. கிலோமீட்டரை ஷெட்டிலிருந்து கிளம்பும்போதும் ஷெட்டுக்குத் திரும்பும்போதும் வண்டியின் முகப்பில் பார்த்து எழுதிக்கொள்கிறோம். இதுவரை யாரும் தகராறு செய்ததில்லை.

டாக்சி என்ற பெயரே ‘டாக்சிமீட்டர்’ என்ற கருவியின் பெயரைச் சுருக்கி வந்தது என்று எங்கோ படித்தேன். எங்கள் ஊருக்குப் பெயர் மட்டும் வந்து சேர்ந்திருக்கிறது.

தராசுமுள்

முக்கடல், தகராறு வராததற்குக் காரணம் யாரும் அளந்து பார்க்காததுதான். உங்கள் முகப்பில் ஓடும் கிலோமீட்டர் எண்ணுக்கு யாருடைய முத்திரையும் இல்லை. அது வண்டி செய்த கம்பெனி உங்கள் வசதிக்காக வைத்தது; பணம் வாங்கும் அளவுகோலாக யாரும் சோதித்துத் தரவில்லை. அளவு மாறிய டயர் போட்டாலே அது மாறிப்போகும். நீங்கள் ஏமாற்றுகிறீர்கள் என்று சொல்லவில்லை. பத்து ரூபாய்க் கொத்தமல்லி நிறுக்கும் தராசுக்கு முத்திரை கேட்கிற ஊரில், 4,000 ரூபாய்ப் பயணத்துக்கு முத்திரையில்லாத அளவு ஓடுகிறது. அதைத்தான் சொல்கிறேன்.

புதுத்தெரு_23

எதற்கு இவ்வளவு தலைவலி? கையில் செல்போன் இருக்கிறது. செயலியில் வண்டி பிடித்தால் தூரத்தையும் கட்டணத்தையும் அதுவே காட்டுகிறது. ஈயக்குண்டு, கம்பி எல்லாம் தாத்தா காலத்துக் கதை.

தராசுமுள்

தாத்தா பதில் சொல்கிறேன், தம்பி. செயற்கைக்கோள் வழியாகத் தூரம் அளப்பது எப்படி? சில நொடிக்கு ஒருமுறை நீ நிற்கும் இடத்தைப் புள்ளியாகக் குறித்து, புள்ளிகளைக் கோட்டால் இணைக்கிறது. நேரான சாலையில் பிழை சிறிது. பேச்சிப்பாறைக்கு மேலே வளைந்து வளைந்து ஏறும் சாலையில் கோடு வளைவுகளை வெட்டிக்கொண்டு போகும், தூரம் குறையும். மரநிழலில் சிக்னல் தடுமாறினால் நின்ற இடத்திலேயே புள்ளி அங்குமிங்கும் குதிக்கும், தூரம் கூடும். அதைச் சரிசெய்யக் கணக்குகள் உண்டு. ஆனால் அந்தக் கணக்கு என்னவென்று உனக்கும் தெரியாது, ஓட்டுநருக்கும் தெரியாது.

கல்குளம்_வழக்குரைஞர்

கூடவே ஒன்று. 2025 ஜூலையில் மத்திய அரசு வெளியிட்ட வழிகாட்டுதல்படி, செயலி நிறுவனங்கள் நெரிசல் நேரத்தில் அடிப்படைக் கட்டணத்தைப் போல் இரண்டு மடங்கு வரை வாங்கலாம். குறைத்தால் பாதிக்குக் கீழே போகக் கூடாது. அந்த அடிப்படைக் கட்டணத்தை அறிவிக்க வேண்டியது மாநில அரசு. சுற்றிச் சுற்றி அதே வாசலில்தான் வந்து நிற்கிறோம். எண் இல்லாமல் எதன் இரண்டு மடங்கு?

பழைய_மார்த்தாண்டம்

மீட்டர் வந்தால் மட்டும் என்ன? சென்னையில் மீட்டருக்குச் சூடு வைப்பார்கள் என்று கேள்விப்பட்டதே இல்லையா? ஒரு பொத்தானை மறைவாக வைத்து அழுத்தினால் வண்டி நிற்கும்போதும் கிலோமீட்டர் ஓடுமாம். இங்கே பேரம் பேசி ஏமாறுகிறோம். அங்கே பேசாமலே ஏமாறுகிறார்கள். வித்தியாசம் அவ்வளவுதான். ஆட்டோக்காரர்கள் எல்லாரும்

(மட்டுறுத்துநர்: இதன் பிறகு வந்த நான்கு வரிகள் நீக்கப்பட்டன. ஒரு தொழிலில் இருப்பவர்களை மொத்தமாகத் திட்டுவதற்கு இந்த இழை இல்லை.)

தராசுமுள்

சூடு வைப்பது உண்மை. அதற்காகத்தான் ஈயக்குண்டு. கம்பியை அறுக்காமல் பெட்டியைத் திறக்க முடியாது, அறுத்தால் தெரிந்துவிடும். ஆனால் பெட்டிக்கு வெளியே நடப்பதை முத்திரை தடுக்காது.

மீட்டர் சாலையை அளப்பதில்லை. சக்கரம் எத்தனை முறை சுழன்றது என்று எண்ணுகிறது. இந்த வண்டியின் சக்கரம் ஒரு கிலோமீட்டருக்கு இத்தனை சுற்று என்று ஓர் எண்ணை உள்ளே வைத்திருப்பார்கள். டயர் தேய்ந்தால் சுற்றளவு குறையும். அதே கிலோமீட்டருக்கு அதிகச் சுற்று. மீட்டர் அதிகம் காட்டும். காற்று இறங்கிப்போனாலும் அப்படியே. யாரும் கை வைக்காமலேயே பயணிக்கு நட்டம். இதனால்தான் மேசையில் வைத்து மட்டும் சோதித்தால் போதாது, வண்டியோடு சாலையில் ஓட்டியும் பார்க்க வேண்டும் என்பது.

தேரேகால்புதூரான்

எவ்வளவு அதிகம் காட்டும்? பேரத்தில் போகும் 70 ரூபாய் அளவுக்கா?

மூன்றுசக்கரம்

அண்ணாச்சி, பார்த்தே விடலாம். என் வண்டியின் முன்டயர் மொட்டை, ஸ்டெப்னி புதியது. ஞாயிற்றுக்கிழமை காலை வெட்டூர்ணிமடத்துக்கு வாருங்கள். அளவு நாடா நீங்கள் கொண்டுவாருங்கள். ஐயா சொல்லும் முத்திரை போட்ட நாடாவாக இருக்கட்டும்.

தேரேகால்புதூரான்

ஞாயிறு காலை போய் வந்தேன். நடந்ததை அப்படியே எழுதுகிறேன்.

ஒர்க்ஷாப் முன்னால் சிமென்ட் தளம் சமமாக இருந்தது. முன்சக்கரத்தின் டயரில் சுண்ணாம்புக் கட்டியால் ஒரு கோடு. தரையில் ஒரு கோடு. மூன்றுசக்கரம் இருக்கையில் அமர்ந்துகொண்டார், சுமை வேண்டுமாம். நானும் ஒர்க்ஷாப் பையனும் தள்ளினோம். டயர்க்கோடு பத்தாவது முறை தரையைத் தொட்ட இடத்தில் மறுகோடு. முதல் தடவை வண்டி கொஞ்சம் வளைந்து போய்விட்டது, திரும்பச் செய்தோம். மொட்டை டயர் பத்துச் சுற்றில் 12 மீட்டர் 76 சென்டிமீட்டர் போனது. டயரை மாற்றி, காற்றைச் சரிபார்த்து, மறுபடி தள்ளினோம். புது டயர் 13 மீட்டர் 4 சென்டிமீட்டர்.

வித்தியாசம் 28 சென்டிமீட்டர். புது டயருக்கு என்று கணக்கு வைத்த மீட்டர், மொட்டை டயரில் 10 கிலோமீட்டர் ஓடினால் கிட்டத்தட்ட 10.22 என்று காட்டும். கிலோமீட்டருக்கு 12 ரூபாய் என்றால் கூடுதலாக 2 ரூபாய் 60 காசு சொச்சம். அங்கிருந்த எல்லாரும் சிரித்தோம். இவ்வளவு தூரம் ஈயக்குண்டும் காலாண்டும் பேசியது 2.60-க்கு, ‘மழை வருகிறது’ என்ற ஒரு சொல்லுக்கு 70.

தராசுமுள்

பிரமாதம். ஒரு திருத்தம் மட்டும்: சக்கரத்தைப் பத்துச் சுற்றுக்குப் பதில் ஐம்பது சுற்று தள்ளியிருந்தால் கோடு போடும் பிழை இன்னும் குறைந்திருக்கும். தள்ளியவர்களுக்கு இடுப்பு போயிருக்கும், அது வேறு. 2.60 என்று இளக்காரமாகச் சொல்லாதீர்கள்; ஒரு நாளில் பத்துப் பேர் ஏறினால் யார் பையிலிருந்து எவ்வளவு போகிறது என்று கூட்டிப் பாருங்கள். ஆனால் உங்கள் கணக்கு சரி. அளவை என்னைப் போன்றவன் திருத்திவிடலாம். கட்டணத்தை ஒரு கூட்டம் கூட்டி, ஓட்டுநர் சங்கங்களையும் பயணிகளையும் எதிரெதிரே உட்காரவைத்துத்தான் திருத்த வேண்டும். அதற்கு நாடா கிடையாது.

எல்லைக்கோடு

அந்த டி.என். 22 வண்டியின் மீட்டருக்கு யாராவது உயிர் கொடுத்துப் பார்த்தீர்களா? ஆசையாக இருக்கிறது.

மூன்றுசக்கரம்

விசாரித்தேன். அந்த ஓட்டுநர் எனக்குத் தெரிந்தவர்தான். மின்கம்பியைப் பிடுங்கிவிட்டிருக்கிறார், சிவப்பு எழுத்து இரவில் கண்ணைக் கூசுகிறதாம். இணைத்தால் 25 ரூபாயில் தொடங்கும் என்கிறார். இணைக்கச் சொல்லி நான் கேட்கவில்லை. அந்த எண்ணைப் பார்த்த பயணி இறங்க மாட்டார்.

என் மொட்டை டயரைத் திரும்பப் போடவில்லை. மழைக்காலம் வருகிறது, இந்தத் தடவை உண்மையாகவே வருகிறது.

தேரேகால்புதூரான்

அம்மாவுக்கு அடுத்த செவ்வாய் மறுபடி ஆசாரிபள்ளம். உங்கள் வண்டியிலேயே போகலாம் என்று இருக்கிறேன். வடசேரியிலிருந்து எவ்வளவு? முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

மூன்றுசக்கரம்

போக 130, வர 130. உள்ளே சீட்டு எடுத்துப் பார்த்து வரும்வரை நான் வெளியே நிற்கிறேன். காத்திருப்பு தனி.

தேரேகால்புதூரான்

தனி என்றால் எவ்வளவு?

மூன்றுசக்கரம்

பார்த்துக் கொடுங்கள், அண்ணாச்சி.